கொட்டேஷன் வாங்கினீர்களா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கன்சல்டன்ட் என்றால் பாதி கணக்குப்பிள்ளை, பாதி வக்கீல். மாதம் பதினைந்தாம் தேதிக்குள் செலான் கட்ட வேண்டும், ரிட்டன் போட வேண்டும், இன்ஸ்பெக்டர் வந்தால் எந்த ரிஜிஸ்டரை முதலில் நீட்டலாம் என்று சொல்ல வேண்டும். சட்டம் என்ன சொல்கிறது என்று எந்த முதலாளியும் எங்களைக் கேட்பதில்லை. "இது நமக்கு வருமா சார்?" என்றுதான் கேட்பார்கள். வராது என்று சொல்ல ஏதாவது சந்து இருந்தால் அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவருக்குத்தான் பேட்டையில் மவுசு.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தபோதும் அதே கேள்விதான் வந்தது. 1995ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தைத் தனியார் பட்டறைக்காரர்கள் திரும்பிப் பார்த்ததே இல்லை. அது அரசாங்க வேலைக்கான சமாச்சாரம் என்று விட்டுவிட்டார்கள். புதிய சட்டம் தனியாரையும் உள்ளே இழுத்தது. எல்லா நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் அது விரிவாக இருக்க வேண்டும், தொடர்பு அலுவலர் ஒருவரையும் நியமிக்க வேண்டும். 20 என்பது எங்கள் பக்கம் பிரபலமான எண். பி.எஃப். தொடங்குவது அங்கேதான். மஸ்டர் ரோலில் 19 பெயரோடு வருடக்கணக்கில் வண்டி ஓட்டிய பட்டறைகள் எனக்குத் தெரியும்.

கொள்கை எழுதும் வேலை சுலபமாக முடிந்தது. எங்கிருந்தோ ஒரு மாதிரி கிடைத்தது, பெயரை மட்டும் மாற்றி எல்லோரும் ஒட்டினார்கள். ஒரு பவுடர் கோட்டிங் பட்டறையின் நோட்டீஸ் போர்டில் "மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்குக் குடியிருப்பு ஒதுக்கீட்டில் முன்னுரிமை" என்று இருந்தது. அங்கே வாட்ச்மேனே ஜெனரேட்டர் ரூமில் படுக்கிறவர்.

தொல்லை அந்தக் காகிதத்தில் இல்லை. நிஜமாகவே ஒரு ஆள் வந்து "எனக்கு இது வேணும்" என்று நிற்கும்போதுதான் தொடங்கும். ஒருவர் மற்றவர்களைப் போலவே வேலை பார்க்கத் தேவையான, பொருத்தமான மாற்றங்களைத்தான் சட்டம் நியாயமான ஏற்பாடு என்கிறது. அதை மறுப்பதே பாகுபாடு என்றும் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் கூடவே ஒரு நிபந்தனை: அந்த ஏற்பாடு அளவுக்கு மீறிய, தகாத சுமையை ஏற்றக்கூடாது. எத்தனை ரூபாய் தாண்டினால் தகாத சுமை? எண் கிடையாது. அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலும் எண் இல்லைதான். ஆனால் எதையெதைப் பார்த்து முடிவு செய்வது என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கிறது: என்ன செலவு, எவ்வளவு, அந்த ஆலையின் நிதிநிலை, ஆள்பலம், அதற்கு மேலே இருக்கிற மொத்த நிறுவனத்தின் நிதிநிலை, தொழில் நடக்கும் விதம். நம் சட்டம் அதைக்கூடச் சொல்லவில்லை. காலியாக விட்ட அந்த இடத்தில் எங்கள் முதலாளிகள் தங்கள் வாக்கியத்தை எழுதிக்கொண்டார்கள்: "நமக்குக் கட்டுப்படி ஆவாது சார்."

நான் கவனித்த வரையில் யாராவது விலை விசாரிப்பதற்கு முன்பே இந்த வாக்கியம் வந்துவிடும். அதனால் நானும் பதிலுக்கு ஒன்றைப் பழக்கமாக வைத்துக்கொண்டேன். "கொட்டேஷன் வாங்கினீங்களா?" மெஷின் வாங்க, கூரை மாற்ற, டீக்கடை கான்ட்ராக்ட் விடக்கூட மூன்று கொட்டேஷன் கேட்கிறவர்கள், இதற்கு மட்டும் ஒன்றுகூட வாங்கியிருக்க மாட்டார்கள்.

பிரஸ் ஷாப் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். கார்களுக்கு பிராக்கெட் அடித்துக் கொடுக்கும் பட்டறை. பவர் பிரஸ் ஆபரேட்டர் ஒருவருக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. இரட்டைக் கை சுவிட்சில் ஒன்றை உற்பத்தி வேகத்துக்காக யாரோ கட்டி வைத்திருந்தார்கள் என்பது வேறு கதை. அதை வேறு இடத்தில் வேறு விதமாகப் பேசியாயிற்று. இ.எஸ்.ஐ. மெடிக்கல் போர்டு 20 சதவீதம் போட்டது. ஒரு கையில் இரண்டு விரல் முழுதாகப் போனால் அட்டவணையில் அதுதான் கணக்கு. பென்ஷன் போல மாதாமாதம் ஒரு தொகை வரும். கட்டு பிரித்து, தழும்பு காய்ந்து, ஆள் வேலைக்குத் திரும்பி வந்தார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர், ஆஸ்பத்திரிக்குத் தானே காரில் தூக்கிக்கொண்டு ஓடியவர். "ஒரு அமவுண்ட் கொடுத்து செட்டில் பண்ணிடலாம் சார். பிரஸ்ல நிக்க மாட்டேங்கிறான், பயப்படறான். வேற எங்க போட்டாலும் பீஸ் குறையும்." அப்புறம் சட்டத்துக்கு வந்தார். "சர்டிஃபிகேட்டுக்கு 40 சதவீதம் வேணுமே. இவனுக்கு இருபதுதானே?"

அந்த 40 இடஒதுக்கீட்டுக்கும் சில சலுகைகளுக்குமான வாசல். நியாயமான ஏற்பாட்டுக்கு அந்த வாசல் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. எழுதும்போது விரல்கள் இறுகிப்போகும் குறை உள்ள ஒரு தேர்வர், யு.பி.எஸ்.சி. தனக்கு எழுத்தர் தர மறுத்ததை எதிர்த்து நடத்திய வழக்கு அது. நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பு. இதை முதலாளியிடம் சொன்னேன். அபராதம் எவ்வளவு என்று கேட்டார். 89ஆம் பிரிவில் முதல் தடவை 10,000 ரூபாய் வரை, மறுபடியும் நடந்தால் 50,000 முதல் 5 லட்சம் வரை. "முதல் தடவை பத்தாயிரம்தானே" என்று அவர் முகத்தில் கணக்கு ஓடியதைப் பார்த்தேன். எல்லோர் முகத்திலும் ஓடும். பொல்யூஷன் போர்டு, ஃபயர், எல்லாவற்றையும் அபராதத்தோடு தட்டில் வைத்துப் பார்த்துப் பழகிய ஊர் இது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கக்கூடாது, தகுந்த வேலை இல்லையென்றால் உபரிப் பணியிடத்தில் வைத்தாவது சம்பளம் தர வேண்டும் என்கிற 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்களை மட்டும்தான் பெயர் சொல்லிக் கட்டுகிறது. தனியார் பட்டறைக்கு அந்தக் கயிறு கிடையாது. பாகுபாடு கூடாது என்ற பொதுவான விதியும், அவரே கையெழுத்துப் போட்டு ஒட்டிய கொள்கையும்தான் என் கையில் இருந்தன. அதனால் சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, காகிதத்தை எடுத்து, இவரை வைத்துக்கொண்டால் என்ன செலவு, எழுதுவோம் என்றேன்.

இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் உட்கார வைக்கலாம். கேஜை ஒரு கையில் பிடித்து, பாகத்தை மறு கையில் பிடித்துச் செருகிப் பார்க்கும் வேலை. வலது கையில் இரண்டு விரல் இல்லாதபோது பாகம் நழுவும். டூல் ரூம் ஃபோர்மேனைக் கூப்பிட்டோம். அவர் பழைய வெல்டிங் ஃபிக்சரிலிருந்து ஒரு டாகிள் கிளாம்பைக் கழற்றி, இரும்புப் பட்டையில் போல்ட் போட்டு, மேசை விளிம்பில் மாட்டினார். பாகத்தை வைத்து உள்ளங்கையால் கைப்பிடியைத் தட்டினால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். கேஜை இடது கையால் செருகலாம். புதிதாக வாங்கினாலும் சில நூறு ரூபாய்தான். மேசைக்கு அடியில் இருந்த குறுக்குக் கம்பியை வெட்டி எடுத்தார், கால் நீட்டி உட்கார. ஏற்பாட்டுச் செலவு என்ற பத்தி அத்தோடு தீர்ந்தது.

அடுத்த பத்தியில்தான் உண்மையான சுமை இருந்தது, அதை முதலாளி சொல்லவே இல்லை. சூப்பர்வைசர் சொன்னார். அந்த லைனில் எட்டுப் பேர். தலைக்கு 300 பீஸ் வீதம் ஷிஃப்டுக்கு 2,400 தாண்டினால் இன்சென்டிவ், எட்டுப் பேருக்கும் சமமாகப் பிரியும். இவர் ஆரம்பத்தில் பாதிதான் பார்ப்பார். 2,400 தொடாது. ஏழு பேர் வீட்டில் மாதக் கடைசியில் இடிக்கும். அப்புறம் அந்த ஏழு பேரும் இவரை என்ன பேச்சுப் பேசுவார்கள் என்று சூப்பர்வைசருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். 'கட்டுப்படி ஆவாது' என்று முதலாளி சொன்னதற்குள் இதுதான் ஒளிந்திருந்தது. கிளாம்பைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

இது எக்ஸெல் ஷீட்டில் தீர்கிற விஷயம். அவரை அரைத் தலையாகக் கணக்கில் வைத்து லைன் டார்கெட்டை 2,250 ஆக்கினோம். மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி. கம்பெனி விட்டுக்கொடுத்தது ஷிஃப்டுக்கு 150 பீஸ். அதற்கு எதிர்ப்பக்கத்தில் புது ஆள் எடுத்துப் பழக்கும் செலவு, அதுவரை ரிஜெக்‌ஷனாகிப் போகும் பாகங்கள், செட்டில்மென்ட் தொகை. இரண்டு பத்தியையும் கூட்டிப் பார்த்துவிட்டு முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. ஃபோர்மேனிடம் இன்னொரு டேபிளுக்கும் அதே கிளாம்பைப் போடச் சொன்னார். விரல் உள்ளவர்களுக்கும் அது சௌகரியமாக இருந்ததாம்.

பேனல் போர்டு செய்கிற இன்னொரு வாடிக்கையாளரிடம் இவ்வளவு பாடு இல்லை. வயர்மேன் ஒருவருக்கு நிறக்குருடு என்று மருத்துவப் பரிசோதனையில் தெரிந்தது. சிவப்பு, பச்சை தெரியாதவர் எப்படி வயரிங் செய்வார் என்று எச்.ஆர். பயந்துபோய் என்னைக் கூப்பிட்டது. தமிழ்நாடு மின்வாரியத்தின் உதவிப் பொறியாளர் நியமனத்தில் இதே பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 அக்டோபரில் அவருக்கு வேலை கொடுங்கள், அவருக்குப் பொருந்துகிற பிரிவில் போடுங்கள் என்று தீர்ப்பாகியிருந்தது. அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஷாப் ஃப்ளோர் ஆள் குறுக்கே பேசினார்: "சார், நிறத்தைப் பார்த்தா யாரு வயரிங் பண்றா? ஒவ்வொரு முனையிலயும் நம்பர் ஃபெரூல் மாட்றோமே." டிராயிங்கிலும் நம்பர்தான். கடைசி டெஸ்டிங்கில் இன்னொருவர் கூட நிற்பது ஏற்கெனவே வழக்கம். செலவுப் பத்தியில் கோடு போட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

படிக்கட்டு விவகாரம் அப்படி இல்லை, அங்கே நிஜமாகவே காசு இருந்தது. கணக்கு எழுதிக் கொடுக்கும் பி.பி.ஓ. ஒன்று, சக்கர நாற்காலியில் வரும் பெண் ஒருவரை வேலைக்கு எடுத்தது. வாசல் தரையிலிருந்து 18 அங்குல உயரம். சாய்தளத்துக்கு 1:12 கணக்கு, அதாவது ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். 18 அடி வேண்டும். வாசலிலிருந்து மழைநீர்க் கால்வாய் பத்தடிதான். சிவில் கான்ட்ராக்டர் கிரானைட், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி எல்லாம் போட்டு மூன்றரை லட்சத்துக்குப் பக்கமாக ஒரு கொட்டேஷன் கொடுத்தார். கிளை மேலாளர் அதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, கீழே, "இது தகாத சுமைதானே சார்?" என்று சட்டத் தமிழில் கேட்டிருந்தார். இந்த ஒரு தடவை கொட்டேஷன் வந்துவிட்டதால் என் ஆயுதம் பறிபோனது.

பின்பக்கம் சரக்கு இறக்கும் வழி தரைமட்டத்தில் இருந்தது. பஞ்சிங் மெஷினை அங்கே மாற்றிவிட்டால் செலவே இல்லை என்றார் மேலாளர். எனக்கும் முதலில் அது சரியாகத்தான் பட்டது. அந்தப் பெண்ணிடமே கேட்டோம். நிதானமாகப் பதில் சொன்னார்: "மழை வந்தா அங்க தண்ணி நிக்கும் சார். ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போது லைட்டும் கிடையாது, வாட்ச்மேனும் கிடையாது. அட்டைப்பெட்டியோட நானும் ஒரு பெட்டியா வந்து போறதா?" ஏற்பாடு என்பது அந்த ஆளோடு பேசி முடிவாக வேண்டியது என்று 2021 தீர்ப்பு சொல்வதன் அர்த்தம் இந்த மாதிரிப் பதில்களில்தான் இருக்கிறது. தண்ணீர் தேங்குவது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

கடைசியில் சாய்தளம் நேராகப் போகாமல் சுவரை ஒட்டித் திரும்பியது. திரும்பும் இடத்தில் நாற்காலி சுழல ஐந்தடிச் சதுரம். கிரானைட்டை எடுத்தோம். மழையில் அது வழுக்கும் என்பதால் எப்படியும் எடுத்திருக்க வேண்டும். சொரசொரப்பான சிமென்ட் பூச்சு, சாதா இரும்புக் கைப்பிடி. கொட்டேஷன் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. இப்போது அந்தச் சாய்தளத்தில் அதிகமாக ஏறுவது தண்ணீர் கேன் வண்டி.

நடுவில் மேலாளர், மேசை உயரத்தை மாற்றும் செலவையாவது சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். 2017ஆம் ஆண்டு மத்திய விதிகளில் 3ஆம் விதி அந்தக் கதவைச் சாத்தியிருக்கிறது: ஏற்பாட்டுக்கான செலவில் ஒரு பகுதியையோ முழுவதையோ ஏற்கும்படி ஊழியரைக் கட்டாயப்படுத்தக்கூடாது. பலருக்குத் தெரியாத விதி இது. எனக்கு அதிகம் பயன்பட்டதும் இதுதான்.

எல்லாம் இப்படிச் சுபமாக முடிந்ததென்று எழுதினால் பேட்டையில் என்னைச் சிரிப்பார்கள். 22 பேர் வேலை பார்க்கும் லேத் பட்டறை ஒன்று. அனுபவமுள்ள டர்னர் ஒருவருக்குப் பார்வை சுருங்கிக்கொண்டே வந்தது, குழாய்க்குள் பார்ப்பதுபோல. சுழலும் சக்கின் பக்கத்தில் அவரை நிறுத்த முடியாது. அதில் பேச்சே இல்லை. அங்கே மெஷினில் நிற்காத ஆட்கள் மூன்று பேர்: முதலாளி, அவர் மனைவி, டெலிவரிப் பையன். கண் பார்வை இல்லாதவர்கள் கம்ப்யூட்டரில் வேலை பார்க்க என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அந்தப் பட்டறையில் கம்ப்யூட்டர் வேலை என்பது நாளைக்கு நாலு பில். பேக்கிங்கில் போட்டார்கள். அரை ஆளுக்குக்கூட அங்கே வேலை இல்லை. முதலாளி பல மாதம் முழுச் சம்பளம் கொடுத்தார், பேங்க் கடனில் பட்டறை ஓடிக்கொண்டிருந்த காலத்தில்.

இங்கே தகாத சுமை என்று எழுதிக் கொடுத்தவன் நான். என்னென்ன பணியிடம் இருக்கிறது, எதையெதை முயன்று பார்த்தோம், எத்தனை நாள், அவர் என்ன சொன்னார் என்று தேதிவாரியாகக் கோப்பு போட்டேன். நாளை யார் கேட்டாலும் நிற்கும். அவர் ஆவின் பூத்துக்கு மனுப் போட்டார். எனக்குக் கோபம் முதலாளி மேல் இல்லை. அமெரிக்காவில் 30 பேருக்கு மேல் போகாத, அல்லது வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டாத சிறு தொழிலுக்கு, இந்த மாதிரிச் செலவில் 250 டாலருக்கு மேல் 10,250 டாலர் வரை பாதியை வரியில் கழித்துக்கொடுக்கிறார்கள். வருடத்துக்கு 5,000 டாலர் வரை. எங்கள் லேத் பட்டறைக்காரருக்குக் காட்ட என்னிடம் இருந்தது 2008இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டம்: மாற்றுத்திறனாளியைப் புதிதாக வேலைக்கு எடுத்தால் முதலாளி பங்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ.யை அரசு முதல் சில வருடம் கட்டும். ஏற்கெனவே இருப்பவரின் கண் போனால் அதில் ஒன்றும் கிடையாது. சுமையைப் பற்றிச் சட்டம் பேசுகிறது. முதலாளியால் முடியாத மிச்சத்தை யார் தூக்குவது என்று பேசவில்லை. சின்னப் பட்டறையும் பெரிய கம்பெனியும் ஒரே வாக்கியத்தைச் சொல்லும்போது, முந்தையவர் பொய் சொல்லவில்லை என்பதை அதிகாரிகள் கொஞ்சம் நம்ப வேண்டும்.

பெரிய கம்பெனிகள் விஷயம் வேறு. அங்கே பணம் இல்லாமல் மறுப்பதில்லை. கேட்டால் "எந்த ஹெட்ல போடறது?" என்பார்கள். கிளையின் மாத பட்ஜெட்டில் ஏறினால் கிளை மேலாளரின் போனஸ் குறையும். அவர் மறுப்பது தன் போனஸுக்காக. காகிதத்தில் எழுதுவது நிறுவனத்தின் சுமை என்று. ஏற்றுமதி வாடிக்கையாளர் ஒருவரின் எச்.ஆர். அம்மா எனக்கு 2016ஆம் ஆண்டு அமெரிக்கத் தீர்ப்பு ஒன்றை அச்செடுத்துக் கொடுத்தார். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை, காது கேளாத நர்ஸ் ஒருவருக்கு வேலை கொடுத்துவிட்டு, சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அவர் கேட்டதும் திரும்ப வாங்கிக்கொண்டது. வருடத்துக்கு 1,20,000 டாலர் ஆகும் என்பது கணக்கு. மருத்துவமனையின் மொத்தச் செயல்பாட்டு பட்ஜெட் 170 கோடி டாலர். 0.007 சதவீதம். இதற்கென்று நிதி ஒதுக்கவில்லை என்ற வாதம் எடுபடவில்லை. பார்க்க வேண்டியது வார்டின் பை அல்ல, மருத்துவமனையின் பை.

அந்த அச்சுப்பிரதியை வைத்துக்கொண்டு அதே கம்பெனியில் ஒரு காரியம் செய்தோம். மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கான செலவு எதுவும் கிளைக் கணக்கில் ஏறாது, தலைமை அலுவலகத்தில் ஒரே தலைப்பில் போகும் என்று சமவாய்ப்புக் கொள்கையில் ஒரு வரி சேர்த்தோம். தலைமை அலுவலக ஃபைனான்ஸ் கொஞ்சம் முரண்டு பிடித்தது, எவ்வளவு ஆகும் என்று தெரியாமல் எப்படி என்று. முதல் வருடத்துக்கு உச்சவரம்பு ஒன்று போட்டுக்கொண்டார்கள். வருடம் முடிந்தபோது அதில் பெரும்பகுதி தொடப்படாமல் கிடந்தது.

அதே கம்பெனியின் பிளான்டில் அசெம்ப்ளியில் காது கேளாத பையன்கள் நாலு பேர் இருக்கிறார்கள். ஃபோர்க்லிஃப்ட் வந்தால் தெரிய சுழல் விளக்கு போட்டாயிற்று. மாதாந்திரப் பாதுகாப்புக் கூட்டத்தில் மட்டும் பின்வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழும்போது எழுந்து வருவார்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நாலு பேரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தார்கள். கிளை மேலாளர் ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு இவ்வளவா என்று ஆரம்பித்தார். அப்புறம் ஹெட் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். சிட்டியிலிருந்து அம்பத்தூர் வரை வர ஒப்புக்கொண்ட ஒருவர் அரை நாளுக்குக் குறைந்து வர முடியாது என்றார், நியாயம்தான். அரை நாளுக்கே பேசி, மிச்ச நேரத்தில் அந்த நாலு பேரின் அப்ரைசல் பேச்சையும் அன்றைக்கே வைத்துக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது. அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை. பில் தலைமை அலுவலகத்துக்குப் போகும்.